சிவப்பு எண்ணெய் எல்லாம் ஒன்றா?

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள், நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் தம் பழைய தானியங்கிக் காரின் கீழே சிவப்புக் கறையைக் காட்டி, எந்த எண்ணெய் வாங்கி ஊற்றலாம் என்று கேட்டார். விஞ்ஞானம் படிப்பவன் என்ற பெருமிதத்தில், "சிவப்பாக இருந்தால் போதும்" என்று சொல்லிவிட்டேன். நல்லவேளையாக அன்று கடை மூடியிருந்தது. பிறகு நூல்களைப் புரட்டி அறிந்ததை நம் சங்க நண்பர்களுக்குக் கூறுகிறேன்.

முன்சக்கரங்கள் இழுக்கும் கார்களில் பெரும்பாலும் கியர் பெட்டியும் டிஃபரன்ஷியலும் ஒரே உறைக்குள் இருக்கும். இதுவே டிரான்ஸ்ஆக்ஸில். தானியங்கி வகையில் உள்ள எண்ணெய்க்குப் பல வேலைகள் உண்டு. டார்க் கன்வெர்ட்டரில் எஞ்சினின் ஆற்றலைக் கடத்துகிறது, அழுத்தத்தால் கிளட்சுகளை இயக்குகிறது, வெப்பத்தை அகற்றுகிறது. இவற்றினும் நுட்பமானது ஒன்றுண்டு. எண்ணெயில் நனைந்தபடியே கிளட்ச் தகடுகள் ஒன்றையொன்று பற்றவேண்டும். அங்கே உராய்வின் அளவு பிழைத்தால் தகடுகள் வழுக்கித் தேயும். அல்லது கியர் மாறும்போது வண்டி குலுங்கும்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1949இல் 'டைப் ஏ' தரத்தையும், 1967இல் 'டெக்ஸ்ரான்' தரத்தையும் வகுத்தது. உராய்வைச் சீராக்க அக்காலத்தில் திமிங்கில எண்ணெய் சேர்த்தனர். 1970களில் அமெரிக்கா அதைத் தடைசெய்தபின் வேதியியலார் மாற்றுப் பொருள்களை ஆக்கினர். ஃபோர்டின் 'டைப் எஃப்' எண்ணெயிலோ அத்தகைய உராய்வு மாற்றிகள் இல்லை. ஆயினும் டெக்ஸ்ரானும் சிவப்பு, டைப் எஃப்பும் சிவப்பு! அந்நிறம் வெறும் சாயம். கசிவது எஞ்சின் எண்ணெய் அன்று என அறிய உதவும், அவ்வளவே. ஆகவே வண்டியின் கைப்புத்தகம் குறிக்கும் தரத்தையே வாங்கவேண்டும். சில பழைய வகைகளில் டிஃபரன்ஷியலுக்குத் தனி எண்ணெய் உண்டு. அதையும் கவனிக்க வேண்டும்.

இனிக் கசிவு. ரப்பர் சீல்கள் நாளடைவில் வெப்பத்தால் இறுகிச் சுருங்கும். கசிவடைப்பு மருந்துகள் அவற்றை ஊதச்செய்யும். ஆனால் அளவு மீறினால் ரப்பர் மென்மையாகிக் கெடும். எண்ணெய்த் தட்டின் போல்ட்டுகளை மிகையாக முறுக்கினால் விளிம்பு வளைந்து கசிவு பெருகும். அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றினாலோ, அது நுரைத்து வெளியேறும். அளவு பார்க்கும் முறையும் வண்டிக்கு வண்டி வேறு: சிலவற்றில் எஞ்சின் ஓடவேண்டும், சிலவற்றில் நிறுத்தவேண்டும்.

முதலில் அடிப்பகுதியைக் கழுவி, உலர்த்தி, சிறிது தூரம் ஓட்டிப் பார்ப்பதே சிறந்த வழி. நாங்களும் அவ்வாறே செய்தோம். அச்சுத்தண்டின் சீல் வழியே எண்ணெய் கசிந்தது. அதைக் கழற்றுமுன், உறையின் மேலுள்ள காற்றுத் துளையைப் பார்த்தோம். சேறு அடைத்திருந்தது! சூடேறிய காற்று வெளியேற வழியின்றி எண்ணெயைச் சீல் வழியே தள்ளியிருக்கிறது. பழைய பல் பிரஷ்ஷால் துளையைத் துப்புரவு செய்ததும் கசிவு நின்றது.

குறைந்த எண்ணெயை ஈடுசெய்யக் கைப்புத்தகத்தைத் திறந்தோம். நான் வாங்கச் சொன்ன எண்ணெய் அவ்வண்டிக்கு ஆகாதது! மூடியிருந்த அந்தக் கடையை இன்றும் நன்றியுடன் நினைக்கிறேன்.