இந்த வீதி யாருடைய பொறுப்பு?

ஊர் திரும்பும் குடும்பத்திற்கு வயலைப் போலவே வீதியும் அவசியம். மதகு உடைந்திருந்தால் உழவு இயந்திரம் வயலுக்குப் போகாது. நெல்மூட்டை சந்தைக்கு வராது. திருத்தித் தரும்படி யாரிடம் கேட்பது? அதற்கு வீதியின் தரத்தை அறிய வேண்டும்.

'ஏ', 'பி' தரம்: தேசிய நெடுஞ்சாலைகள். வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. கண்டி - யாழ்ப்பாணம் ஏ-9 வீதி இவ்வகை.

'சி', 'டி' தரம்: மாகாண சபையின் பொறுப்பு.

கிராமிய வீதிகள், ஒழுங்கைகள்: பெரும்பாலும் பிரதேச சபையின் பொறுப்பு.

1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம், தேசிய நெடுஞ்சாலைகள் தவிர்ந்த மாகாண வீதிகளையும் அவற்றிலுள்ள பாலங்களையும் மாகாண சபைகளிடம் ஒப்படைத்தது. பிரதேச சபைகளும் அதே ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானவையே. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018இல் முடிந்தது. ஆயினும் மாகாணத் திணைக்களங்கள் தொடர்ந்து இயங்குகின்றன.

இப்பொறுப்பு நிலையானதன்று. தரம் உயர்த்தப்பட்டால் பிரதேச சபையின் வீதி மாகாணத்திற்கும், மாகாணத்தின் வீதி வர்த்தமானி அறிவித்தல் மூலம் மத்திய அரசுக்கும் மாறலாம். அப்போது செலவு செய்பவரும் முறைப்பாடு கேட்பவரும் மாறுவர். இடம்பெயருமுன் நாம் அறிந்திருந்த விபரம் இன்று பொருந்தாமலும் போகலாம்.

நாம் செய்யக்கூடியவை:

1. வீதி எவருடைய பதிவேட்டில் உள்ளது என்று பிரதேச சபையிடம் எழுத்தில் கேளுங்கள்.

2. எவருடைய பதிவேட்டிலும் இல்லையெனில், முதலில் பதியும்படி கேளுங்கள். பதிவில்லாத வீதிக்குப் பணம் ஒதுக்குவிப்பது கடினம்.

3. மகஜரில் வீதியின் தொடக்கம், முடிவு, பழுதான இடம், பயன்படுத்தும் குடும்பங்களின் தொகை ஆகியவற்றை எழுதுங்கள். பிரதியொன்றைக் கையில் வைத்திருங்கள்.

கலந்துரையாட: உங்கள் வயலுக்குச் செல்லும் வீதி எந்தத் தரத்தைச் சேர்ந்தது?