ஏற்றிய பேக்கேஜுக்குள் கை வைக்க எந்த வழி?

ஆர் மொழியில் ஒரு பேக்கேஜை ஏற்றிவிட்டீர்கள். அதிலுள்ள ஒரு ஃபங்ஷன் தப்பான விடை தருகிறது. பலரும் உடனே அதன் நிரலை நகலெடுத்து, ஒரு வரியைத் திருத்தி, அதே பெயரில் மறுபடி ஓட்டுவார்கள். பல நேரம் விடை மாறாது. காரணம் நேம்ஸ்பேஸ். 2011-இல் வந்த 2.14.0 பதிப்பிலிருந்து எல்லா பேக்கேஜுக்கும் அது உண்டு. பேக்கேஜின் ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிட்டால் முதலில் தன் நேம்ஸ்பேஸுக்குள்தான் தேடும். அங்கே பழையது கிடைத்துவிடுவதால், குளோபல் சூழலில் நீங்கள் எழுதி வைத்ததை அது எட்டிப் பார்க்காது.

ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு: பார்த்தால் போதுமா, மாற்ற வேண்டுமா? மாற்றுவதென்றால், அந்த ஃபங்ஷனை அழைப்பது நீங்களா, பேக்கேஜேவா?

பார்த்தால் போதும் என்றால் என் ஓட்டு 'டீபக்ஒன்ஸ்' பக்கம். அடுத்த ஒரு அழைப்பில் மட்டும் நிற்கும்; 'என்' அடித்தால் அடுத்த வரி, 'எஸ்' அடித்தால் உள்ளே அழைக்கப்படும் ஃபங்ஷனுக்குள், 'க்யூ' அடித்தால் வெளியே. ஏற்றுமதி ஆகாத ஃபங்ஷனையும் மூன்று முக்காற்புள்ளி போட்டுப் பிடிக்கலாம். வெறும் 'டீபக்' போட்டால் 'அன்டீபக்' சொல்லும்வரை ஒவ்வொரு அழைப்பிலும் நிற்கும். லூப்புக்குள் அது தலைவலி. நிறுவிய பேக்கேஜ்கள் வழக்கமாக மூல வடிவத்தை வைத்திருப்பதில்லை. அதனால் திரையில் கமென்ட் இல்லாத நிரல்தான் தெரியும்.

எங்கே உடைகிறது என்றே தெரியாவிட்டால், ஆப்ஷன்ஸில் 'எரர்' என்பதற்கு 'ரெக்கவர்' என்று கொடுங்கள். பிழை வந்த கணத்தில் அழைப்புகளின் பட்டியல் எண்களோடு வரும். எண்ணைத் தட்டினால் அந்த ஃபங்ஷனுக்குள் போய் மாறிகளைப் பார்க்கலாம். பிழையே காட்டாமல் தப்பு விடை தருகிற ஃபங்ஷனுக்கு இது பயன்படாது.

அதற்குத்தான் 'ட்ரேஸ்'. இதைப் பலர் தொடுவதே இல்லை. எனக்கு மிகப் பிடித்தது இதுதான். ஃபங்ஷனின் உடலைப் பட்டியலாக மாற்றிப் பார்த்தால் எத்தனையாவது படி எது என்று தெரியும். அந்தப் படிக்கு முன்னால் உங்கள் கட்டளையைச் செருகலாம், நிபந்தனையோடும் செருகலாம்: உள்ளீட்டில் விடுபட்ட மதிப்பு இருந்தால் மட்டும் நில் என்று. பல்லாயிரம் முறை ஓடும் லூப்பில் கெட்டுப்போன ஒரே சுற்றில் போய் நிற்பீர்கள். ஏற்றுமதி ஆகாத ஃபங்ஷன் என்றால் 'வேர்' என்ற இடத்தில் நேம்ஸ்பேஸைக் கொடுக்க வேண்டும். 'அன்ட்ரேஸ்' போட்டால் அசல் திரும்பிவிடும்.

மாற்றத்தான் வேண்டும், ஆனால் அழைப்பது நீங்கள் மட்டும் என்றால், வேறு பெயரில் நகல் எடுத்து அதன் சூழலாகப் பேக்கேஜின் நேம்ஸ்பேஸை வையுங்கள். உள்ளேயிருக்கும் துணை ஃபங்ஷன்கள் அதற்குக் கிடைக்கும். பேக்கேஜ் அப்படியே இருக்கும்.

பேக்கேஜே உள்ளுக்குள் அழைக்கிறதா? அப்போது 'அசைன்இன்நேம்ஸ்பேஸ்'. நேம்ஸ்பேஸில் இருப்பதை அது மாற்றும். ஏற்கெனவே ஏற்றுமதியாகி உங்கள் முன் நிற்கும் நகலையும், வேறு பேக்கேஜ்கள் இறக்குமதி செய்த நகலையும் தொடாது. உள்ளே புதியது ஓட, நீங்கள் நேரே அழைத்தால் பழையது ஓடும். ஏற்றுமதி ஆகாதவற்றுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். செஷனை மூடினால் மாற்றம் போய்விடும். இதை நம்பி நிரந்தர ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள். பேக்கேஜின் அடுத்த பதிப்பில் அந்த உள் ஃபங்ஷனே இல்லாமல் போகலாம்.

திருத்தம் நாளைக்கும் வேண்டுமென்றால் மூல நிரலை இறக்கி, டெவ்டூல்ஸின் 'லோட்ஆல்' கொண்டு ஏற்றுவதே சரி. கோப்பில் திருத்தி மறுபடி ஏற்றிக்கொண்டே போகலாம், பேக்கேஜின் சொந்தச் சோதனைகளையும் ஓட்டலாம், திருத்தத்தைப் பராமரிப்பாளருக்கு அனுப்பலாம். உள்ளே சி நிரல் இருந்தால் கம்பைலர் தேவைப்படும்; விண்டோஸில் ஆர்டூல்ஸ் நிறுவ வேண்டும். பிழையே அந்த சி நிரலில்தான் என்றால் 'டீபக்ஒன்ஸ்', 'ட்ரேஸ்' எல்லாம் அதை அழைக்கும் வரியோடு நின்றுவிடும். அதற்குள் இறங்க ஜிடிபி போன்ற கருவிதான் வேண்டும்.