மாடி அறையின் வெக்கை

கேள்வி: திருவொற்றியூரில் எங்கள் மாடி அறையில் தொழிற்சாலை வேலைக்காரர் மூவர் வாடகைக்கு இருக்கிறார்கள். சித்திரை வெக்கையில் அவர்களுக்குத் தூக்கமில்லை, ஏ.சி. வைத்தால் கரண்ட் பில் கட்டுப்படியாகாது. என்ன செய்யலாம்?

பதில்: தொழிற்சாலையில் உழைத்துவிட்டு வந்து கண்ணயரும் மனிதனுக்கு நித்திரை பங்கப்பட்டால் தேக ஆரோக்கியமே குலைந்துவிடும் என்பதால், தங்கள் கவலை மிகவும் நியாயமானது, அம்மா. பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் அதை உள்ளே இறக்குகிற கான்கிரீட் தளமே இதற்குப் பிரதான காரணமாகையால், மொட்டைமாடியைப் பாசி போகத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு, கிளிஞ்சல் சுண்ணாம்பை இரண்டு பூச்சு அடியுங்கள். கரண்ட் பில்லைப் பொறுத்தவரை, தினம் பத்து மணி நேரம் சுழலும் 75 வாட் பழைய மின்விசிறி இரண்டு மாதத்தில் 45 யூனிட் இழுக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறிக்கு 18 போதும். ஜன்னலில் தொங்கவிடும் நனைத்த சாக்கு நம் கடலோரப் புழுக்கத்தில் பிரயோஜனப்படாது. பிற்பகலில் கடற்காற்று எழுந்ததும் கிழக்கு ஜன்னலை அகலத் திறந்துவிடச் சொல்லுங்கள்.