சங்க இலக்கியத்தில் காடும் மக்களும்: கொள்ளலும் கொல்லலும்

ஆய்வுச் சுருக்கம்

சங்கப் பாடல்களில் காடு ஆளற்ற வெளியாக அன்றி, மக்கள் உழைத்தும் உண்டும் வாழும் இடமாகவே பெரிதும் இடம்பெறுகிறது. அவ்வுறவை ‘இயற்கையோடு இயைந்த வாழ்வு’ என்று பொதுப்படக் கூறுவது பாடல்களில் பதிவாகியுள்ள முரணை மறைத்துவிடும். காட்டிடமிருந்து அளவறிந்து கொள்ளும் குடிகளின் மரபும், காட்டை அழித்து நாடாக்கும் வேந்தரின் மரபும் அவற்றில் அருகருகே உள்ளன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: காடு, புனம், இதை, முதை, பறம்பு, கரிகாலன், வன உரிமை.

முன்னுரை

சங்க இலக்கியத்தைச் சூழலியல் நோக்கில் அணுகும் ஆய்வுகள் பலவும், பழந்தமிழர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர் என்னும் முடிவுக்கு எளிதில் வந்துவிடுகின்றன. அம்முடிவு பிழையன்று, ஆயின் முழுமையுமன்று. இயைந்து வாழ்ந்தவர் யார், அவ்வியைபைக் குலைத்தவர் யார் என்னும் வினாக்களை அது எழுப்புவதில்லை. தொல்காப்பியம், எட்டுத்தொகை, பத்துப்பாட்டு ஆகியவற்றினின்று தெரிவுசெய்த சான்றுகளின்வழி இவ்வினாக்கள் இங்கு ஆராயப்பெறுகின்றன.

வாழிடமாகக் காடு

தொல்காப்பியர் முல்லை நிலத்தைக் ‘காடுறை உலகம்’ என்று குறிக்கிறார். உறைதல் என்பது தங்கி வாழ்தல். எனவே பெயரிடும்போதே காடு வாழிடமாகக் கருதப்பட்டுள்ளது எனலாம். அவர் கூறும் கருப்பொருள் நிரலும் இதனை வலுப்படுத்துகிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியன ஒரே வரிசையில் வைக்கப்பட்டுள்ளன. மரத்தை ஒரு வகையிலும் மக்கள் தொழிலை வேறொரு வகையிலும் அவர் பிரித்து வைக்கவில்லை.

வேளாண்மை சார்ந்த சொற்களிலும் இவ்வுறவு படிந்துள்ளது. புதிதாகத் திருத்திய கொல்லை ‘இதை’ எனவும், நெடுங்காலம் பயன்பட்ட பழங்கொல்லை ‘முதை’ எனவும் வழங்கின. காடு புனமாவதும் அப்புனம் முதிர்வதும் சொல்லளவிலேயே வேறுபடுத்தப்பட்டமை, நிலத்தின் வயதை அறிந்து உழைத்த சமூகத்தைக் காட்டுகிறது.

இவ்வாழ்வு இடரற்றதன்று. நன்னனின் நாட்டுக்குச் செல்லும் கூத்தரை ஆற்றுப்படுத்தும் மலைபடுகடாம், பன்றிக்கு வைத்த பொறிகள், யானையை ஓட்டக் குறவர் எறியும் கவண்கற்கள், பாம்பு உறையும் இடங்கள் ஆகியவற்றைக் கூறி எச்சரிக்கிறது. அதே வழியில் வாழும் மலைமக்களின் விருந்தோம்பலையும் விரித்துரைக்கிறது. அச்சமும் ஆதரவும் ஒருங்கே தரும் இடமாகக் காடு அறியப்பட்டிருந்தது.

கொள்ளலின் அளவு

புறநானூற்று 109ஆம் பாடலில் கபிலர், பறம்பை முற்றுகையிட்ட மூவேந்தரை நோக்கி, அம்மலை உழவர் உழாமலே நான்கு பயன்களை உடையது என்கிறார். அவை மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்பன. முற்றுகையால் பறம்பைப் பணியவைக்க இயலாது என்பதற்குக் கபிலர் காட்டும் காரணங்களுள் அம்மலையின் உணவுவளம் முதன்மையானது. இதனால் பறம்பில் வேளாண்மை இல்லை என்று கொள்ளுதல் பொருந்தாது. பாரியின் மறைவுக்குப்பின் கபிலர் பாடிய 120ஆம் பாடல், அந்நாட்டின் செம்மண் மேட்டில் பலகால் உழுது விதைத்து வரகும் தினையும் விளைவித்த முறையைப் படிப்படியாகக் கூறுகிறது. உழுத நிலமும் உழாத காடும் சேர்ந்தே அக்குடிகளின் உணவை நிறைவுசெய்தன.

காட்டிடமிருந்து கொள்வதற்கு ஓர் எல்லை உண்டு என்னும் கருத்து நற்றிணை 226ஆம் பாடலில் வெளிப்படுகிறது. கணியன் பூங்குன்றனார் இயற்றிய இப்பாலைப் பாடல் பிரிவாற்றாத தலைவியின் கூற்று. மரம் பட்டுப்போகுமாறு மக்கள் அதனிடமிருந்து மருந்து கொள்வதில்லை என்று அவள் தொடங்குகிறாள். தம் வலிமை அழியுமாறு தவம் செய்வாரும் இல்லை. குடிகளின் வளம் கெடுமாறு மன்னர் பொருள் கொள்வதும் இல்லை என்று அக்கருத்து விரிகிறது. மரத்துக்கும் மனிதருக்கும் உள்ள உறவு, மன்னனுக்கும் குடிகளுக்கும் உள்ள உறவை அளக்கும் அளவுகோலாகிறது. பொருளுக்காகப் பிரிந்த தலைவனின் செயலை எடுத்துரைக்கவே இவ்வுவமைகள் வருகின்றன. கேட்போர் உடனே ஏற்கும் பொதுவழக்காக இருந்தாலன்றி, இது வாதத்தின் முதற்படியாக நின்றிருக்க இயலாது.

காடு நாடாதல்

குறவரும் மரம் வெட்டினர்; சந்தனமும் அகிலும் எரித்துத் தினை விதைத்தனர். ஆயினும் அவர்களின் புனம் காட்டின் நடுவிலேயே இருந்தது. கிளியும் பன்றியும் யானையும் வந்து மேயும் எல்லைக்குள் இருந்தமையால்தான் தினைப்புனக் காவல் குறிஞ்சிப் பாடல்களின் நிலைக்களமாயிற்று. வேந்தரின் செயல் இதனின் வேறுபட்டது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில், கரிகாலன் காட்டை நாடாக்கியதையும் குளம் தோண்டி வளம் பெருக்கியதையும் புகழ்ந்துரைக்கிறார். அங்குக் காட்டை அழித்தலுக்கு அவர் ஆளும் வினை ‘கொல்’ என்பது. அத்தொடருக்குச் சற்று முன்னர், முல்லை நிலத்தவரான பொதுவரின் வழி அழிந்ததும் இருங்கோவேள் வீழ்ந்ததும் கூறப்படுகின்றன. குடிகளின் அழிவும் காட்டின் அழிவும் ஒரே வெற்றிநிரலில் அடுத்தடுத்து அமைந்திருப்பது கருதத்தக்கது. புலவர் இதனைக் கண்டிக்கவில்லை; புகழாகவே பாடுகிறார். எனினும் அவர் தேர்ந்த வினை, காட்டை உயிருள்ளதாக உணர்ந்த மொழிமரபை வெளிப்படுத்துகிறது. நெடுஞ்சேரலாதன் பகைவரின் கடம்பையும், செங்குட்டுவன் பழையனின் வேம்பையும் வெட்டியமை காவல்மரம் பற்றிய செய்திகளாகப் பதிற்றுப்பத்தில் இடம்பெறுவதும் இத்துடன் ஒப்புநோக்கத்தக்கது. மரத்தை வீழ்த்துதல் அதனைச் சார்ந்த குடியை வீழ்த்துதலாகக் கருதப்பட்டது.

சட்டத்தின் மொழியில் காடு

காடு யாருக்குரியது என்னும் இவ்வினா பிற்காலத்தில் சட்டத்தின் மொழியில் மீண்டும் எழுந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காடு என்னும் வகையை வரையறுத்து, அங்கு மேய்ச்சல், மரம் வெட்டுதல், நிலம் திருத்துதல் முதலியவற்றைக் கட்டுப்படுத்தியது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டுவாழ் மக்களுக்கு வரலாற்றில் இழைக்கப்பட்ட அநீதியைத் தன் முகவுரையில் ஏற்று, சிறு வனப்பொருள்கள் மீதான அவர்களின் உரிமையை உறுதிசெய்தது. அச்சட்டம் எண்ணும் சிறு வனப்பொருள்களுள் மூங்கில், கிழங்கு, தேன் ஆகியன உள்ளன. பறம்பின் நான்கு பயன்களுள் மூன்று இவற்றோடு தொடர்புடையவை. பாடலும் சட்டமும் இருவேறு வகை ஆவணங்கள். ஒன்று மற்றொன்றுக்கு மூலமன்று. எனினும், காட்டைச் சார்ந்த குடிகளின் உணவும் உரிமையும் எப்பொருள்களில் தங்கியுள்ளன என்பதை இவ்வொப்புமை தெளிவாக்குகிறது.

முடிவுரை

சங்கப் பாடல்கள் காட்டை மக்களின் வாழிடமாகக் காட்டுகின்றன. அதனிடமிருந்து கொள்வதற்கு அளவு உண்டு என்று அறிவுறுத்துகின்றன. அவ்வளவைக் கடந்த அரச விரிவையும் பதிவுசெய்கின்றன. இம்மூன்றையும் சேர்த்து நோக்கும்போதே அவற்றின் சூழலியல் சிந்தனை முழுமைபெறும். கரிகாலனின் நாடாக்கத்தை வளர்ச்சியாக மட்டும் கொண்டால், அவ்வெற்றிநிரலில் வழி அழிந்த பொதுவர் விடுபடுவர். பறம்பை வள்ளன்மையின் அடையாளமாக மட்டும் கொண்டால், அம்மலையின் குடிகளைக் காத்த மூங்கிலும் கிழங்கும் விடுபடும். காட்டைக் காத்தல் என்பது அங்கு வாழும் மக்களை நீக்கிவிட்டுச் செய்யும் செயலன்று என்னும் இன்றைய வாதத்திற்குப் பழந்தமிழ் இலக்கியம் தரும் அரணும் இதுவே.