வளர்ப்பு விலங்குகளுக்கான கருத்தடை அறுவை: உடல்நலப் பயன்களும் சட்ட நிலையும்

தாயகத்தில் கருத்தடை அறுவை பெரும்பாலும் தெருநாய்களின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் பொது ஏற்பாடாகவே அறியப்படுகிறது. சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு வலியுறுத்திய இம்முறையை மாநகராட்சி 1996இல் ஏற்றது; இந்திய அரசு 2001இல் அதற்கென விதிகளை வகுத்தது. ஜெர்மனியிலோ இது ஒவ்வொரு உரிமையாளரும் தனித்து முடிவு செய்ய வேண்டிய விடயமாகும். கார்ல்ஸ்ரூஹேயில் நாய், பூனை, முயல் ஆகியவற்றை வளர்ப்போர் அம்முடிவை எடுப்பதற்கு உதவும் விளக்கங்கள் கீழே தரப்படுகின்றன.

இரு சொற்கள், இரு சிகிச்சைகள்

‘கஸ்ட்ராட்ஸியோன்’ என்பது பெண் விலங்கின் சூலகங்களையோ ஆண் விலங்கின் விதைகளையோ அகற்றுவதாகும். தமிழில் காயடித்தல், நலமடித்தல் என வழங்கும் சொற்கள் ஆண் விலங்கையே குறிப்பன. ஜெர்மன் சொல் இருபாலுக்கும் பொருந்தும். ‘ஸ்டெரிலிஸாட்ஸியோன்’ என்பது குழாய்களைத் துண்டிப்பது மட்டுமே. அதன்பின் விலங்கு கருத்தரிக்காது. ஆயினும் ஹார்மோன்கள் சுரந்துகொண்டே இருக்கும். கீழே கூறப்படும் நலன்கள் முதலாவது சிகிச்சைக்கே உரியவை. மருத்துவரிடம் பேசும்போது இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்க.

பெண் விலங்குகள்

கருப்பையில் சீழ் கட்டும் நோய் உயிரைப் பறிக்கவல்லது. சுவீடனின் காப்பீட்டுத் தரவுகளின்படி, கருத்தடை செய்யப்படாத பெண் நாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று 10 வயதுக்குள் இந்நோய்க்கு ஆளாகிறது. பருவக்காலம் முடிந்த சில வாரங்களில் நாய் மிகுதியாக நீர் அருந்தினாலோ, உணவை மறுத்துச் சோர்ந்து கிடந்தாலோ, அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். சீழ் வெளியே வராத வகையே கூடுதல் ஆபத்தானது. ஆதலால் கசிவு இல்லை என்று எண்ணிக் காத்திருத்தல் கூடாது. உரிய காலத்தில் செய்யப்படும் கருத்தடை இந்நோயைத் தடுக்கிறது.

பூனைகளுக்கு வரும் பால்சுரப்பிக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே. 6 மாத வயதுக்கு முன் கருத்தடை செய்யப்பட்ட பூனைகளில் அப்புற்றுநோயின் அபாயம் 91 விழுக்காடு குறைந்திருந்ததை அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. நாய்களிலும் இவ்வபாயம் குறைகிறது என்பர். எவ்வளவு குறைகிறது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. முதிர்ந்த பெண் முயல்களில் கருப்பைப் புற்றுநோய் அடிக்கடி காணப்படுகிறது. அவற்றுக்கும் மருத்துவர் இவ்வறுவையைப் பரிந்துரைப்பதுண்டு.

ஆண் விலங்குகள்

விதைகளை அகற்றிய நாய்க்கு விதைப் புற்றுநோய் வருவதில்லை. முதுமையில் சுக்கிலச் சுரப்பி வீங்கிச் சிறுநீரும் மலமும் தடைப்படும் துன்பமும் தவிர்க்கப்படுகிறது. ஆண் பூனைகள் துணை தேடி அலைவதும் சண்டையிடுவதும் குறைகின்றன. பூனைகளின் நோயெதிர்ப்பாற்றலை அழிக்கும் வைரசு முதன்மையாகக் கடிகாயங்கள் வழியே பரவுவதால், அத்தொற்றும் குறைகிறது. வீதி விபத்துகளும் அவ்வாறே. அறுவைக்குப் பின்னும் சில வாரங்கள் ஆண் விலங்கு கருவுறச் செய்யக்கூடும் என்பதால், அதுவரை அதனைப் பெண் விலங்கிடமிருந்து பிரித்து வைத்தல் நன்று.

எடைபோட வேண்டிய குறைகள்

அறுவைக்குப் பின் விலங்கின் ஆற்றல் தேவை குறைவதால், உணவைக் குறைக்காவிடில் உடல் பருக்கும். பெண் நாய்களில், குறிப்பாகப் பெரிய இனங்களில், சிறுநீர் அடக்க இயலாமை தோன்றலாம். கோல்டன் ரெட்ரீவர் போன்ற இனங்களில் ஒரு வயதுக்கு முன் செய்யப்படும் கருத்தடை மூட்டு நோய்களைக் கூட்டுவதாகக் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வுகள் கூறுகின்றன. எனவே வெளியே திரியும் பூனைக்குப் பருவமடையும் முன் செய்தல் பொதுவாக நன்று. நாய்க்கோ இனம், எடை, வயது ஆகியவற்றைப் பார்த்தே காலம் குறிக்கப்பட வேண்டும்.

சட்டம் கூறுவது

விலங்குகளின் பாதுகாப்பு 2002 முதல் ஜெர்மன் அரசியலமைப்பின் 20அ உறுப்பில் இடம்பெற்றுள்ளது. விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு விலங்கின் உறுப்பை அகற்றுவதைப் பொதுவாகத் தடைசெய்கிறது. கட்டுப்பாடற்ற இனப்பெருக்கத்தைத் தடுத்தல், மருத்துவக் காரணம் முதலியவை அதற்கு விதிவிலக்குகள். உரிமையாளரின் வசதி ஒன்றே போதிய காரணமாகாது என்பதாலேயே, நாய்க்குக் கருத்தடை கேட்போரிடம் மருத்துவர் காரணம் வினவுகிறார். மயக்க மருந்து இன்றி இவ்வறுவையைச் செய்தல் சட்டப்படி குற்றமாகும்.

அச்சட்டத்தில் 2013இல் சேர்க்கப்பட்ட 13ஆ பிரிவு, வெளியில் திரியும் பூனைகள் குறித்து விதி செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் அளித்தது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் அவ்வதிகாரத்தை நகரங்களுக்கும் ஊராட்சிகளுக்கும் ஒப்படைத்துள்ளது. இத்தகைய விதி நடைமுறையிலுள்ள இடங்களில், வெளியே விடப்படும் பூனைக்குக் கருத்தடையும் அடையாளக் குறியிடலும் பதிவும் கட்டாயமாக்கப்படலாம். கார்ல்ஸ்ரூஹேயிலும் சுற்றுப்புற ஊர்களிலும் வசிப்போர், தத்தம் ஊரின் விதியை அங்குள்ள ஒழுங்கு அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே பூனையை வெளியே விடுதல் நன்று.

அறுவைக்கு முன்னும் பின்னும்

- கட்டணம்: 2022 நவம்பர் 22 முதல் நடைமுறையிலுள்ள விலங்கு மருத்துவர் கட்டண ஒழுங்கின்படி, அடிப்படைக் கட்டணத்தின் ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை அறவிடப்படலாம். மயக்க மருந்து, பிற மருந்துகள் உட்பட மொத்தத் தொகையை முன்கூட்டியே கேட்டுப் பெறுக.
- காப்பீடு: மருத்துவத் தேவையின்றிச் செய்யும் கருத்தடையைப் பல ஒப்பந்தங்கள் ஏற்பதில்லை. ஒப்பந்தத்தைச் சரிபார்க்க.
- பட்டினி: நாயையும் பூனையையும் மருத்துவர் கூறும் நேரத்திலிருந்து உணவின்றி வைத்திருக்க வேண்டும். முயலைப் பட்டினி போடுதல் ஆகாது.
- அடையாளம்: மயக்க நிலையிலேயே நுண்சில்லு பொருத்தச் செய்யலாம். டாஸோ அல்லது ஃபின்டெஃபிக்ஸ் பதிவேட்டில் கட்டணமின்றிப் பதியலாம். பதியாத சில்லினால், தொலைந்த விலங்கின் உரிமையாளரைக் கண்டறிய இயலாது.
- பராமரிப்பு: காயத்தை நக்கவிடாது காக்க. வீக்கம், கசிவு, தொடர்ந்த சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் தாமதியாது மருத்துவரை அழைக்க.

மருத்துவரிடம் கேட்கத்தக்க வினாக்கள்

1. இவ்வினத்துக்கும் இவ்வயதுக்கும் ஏற்ற காலம் எது?
2. அறுவை செய்யாவிடில் எந்நோய்களைக் கவனிக்க வேண்டும்?
3. அறுவைக்குப் பின் உணவு எவ்வளவு குறைக்கப்பட வேண்டும்?

ஜெர்மன் மொழியில் தயக்கமுள்ளோர் இவ்வினாக்களை எழுதி எடுத்துச் செல்லலாம்; மொழி அறிந்த உறவினர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வதும் தக்கது. மயக்க மருந்துக்கான ஒப்புதல் படிவத்தைப் பொருள் விளங்கிய பின்னரே கையொப்பமிடுக.