ஒரே படம் இருமுறை ஏன்?

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861-1865) காலத்துப் புகைப்படங்களை இணையத்தில் தேடினால், சில பைல்களில் ஒரே கட்டிடம் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு முறை இருக்கும். ஒன்று போதுமே என மற்றொன்றை வெட்டிவிட வேண்டாம். இவை நகல்கள் அல்ல.

நம் இரு கண்களுக்கும் இடையே சுமார் ஆறரை செ.மீ. இடைவெளி உள்ளது. எனவே இரண்டும் ஒரு பொருளைச் சற்றே வேறு கோணத்தில் பார்க்கின்றன. அந்த வேறுபாட்டைக் கொண்டு மூளை தூரத்தை அறிகிறது. இரண்டு லென்ஸ் உள்ள ஸ்டீரியோ கேமராவும் இப்படித்தான் படம் எடுத்தது. அன்று கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காயும் முன் படமெடுத்துக் கழுவ வேண்டும். ஒளி சில விநாடிகள் விழ வேண்டும் என்பதால் அசைபவை கலங்கிவிடும். கட்டிடங்கள் தெளிவாகப் பதியும்.

ரிச்மண்ட் நகரைப் பார்ப்போம். இது தென் மாநிலங்களின் தலைநகராக இருந்தது. 1865 ஏப்ரல் 2 இரவு இங்கிருந்து பின்வாங்கிய தென்படையினரே கிடங்குகளுக்குத் தீ வைத்தனர். தீ வணிகப் பகுதிக்குப் பரவியது. மறுநாள் நுழைந்த வடபடையினர் அதை அணைத்தனர். எரிந்த கட்டிடங்களை அலெக்சாண்டர் கார்ட்னர் உள்ளிட்டோர் படமெடுத்தனர். தட்டையாகப் பார்த்தால் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழப்பும். ஆழத்துடன் பார்த்தால் எது முன்னே, எது பின்னே, எது தனியே நிற்கிறது என்று புரியும்.

உங்கள் கம்ப்யூட்டரில் பார்க்க:

1. அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகத் தளத்தில், இத்தகைய ரிச்மண்ட் படம் ஒன்றை இலவசமாக டவுன்லோட் செய்திடுங்கள். டிஃப் பைல் மிகப் பெரியது. முதலில் ஜேபெக் போதும்.

2. ஸ்டீரியோபோட்டோ மேக்கர் என்ற இலவச புரோகிராமில் பைல் மெனு சென்று, ஸ்டீரியோ இமேஜ் திறக்கும் பிரிவில் படத்தைத் திறக்கவும்.

3. ஸ்டீரியோ மெனுவில் கிரே அனாகிளிஃப் தேர்ந்தெடுக்கவும்.

4. இடக்கண்ணுக்குச் சிவப்பு, வலக்கண்ணுக்கு நீலப்பச்சைத் தாள் உள்ள கண்ணாடியை அணிந்து பாருங்கள்.

பின்சுவர் முன்னே வந்து, முன்சுவர் உள்ளே போகிறதா? பயப்பட வேண்டாம். லென்ஸ் வழியே படம் தலைகீழாக விழும். தகட்டை நிமிர்த்தும்போது இடப்படம் வலப்பக்கம் போய்விடும். அக்காலத்தில் அச்சிட்ட தாளை இரண்டாக வெட்டி, இடம் மாற்றி அட்டையில் ஒட்டினார்கள். நெகட்டிவிலிருந்து ஸ்கேன் செய்த பைலில் இந்த மாற்றம் நடக்காமல் இருக்கலாம். இடது, வலது படங்களை இடம் மாற்றும் கட்டளையைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

முடிவில், புதிய படத்தை வேறு பெயரில் சேவ் செய்திடுங்கள். ஒரிஜினல் பைல் அப்படியே இருக்கட்டும்.