உன் ட்ரஃபிள் ஒரு பால் பலகாரம், தம்பி

பட்டாபிராமில் இருக்கும் தம்பிக்கு,

வீட்டிலேயே சாக்லேட் ட்ரஃபிள் செய்து விற்கத் தொடங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். கூடவே மூன்று கேள்விகள்: மேலே ஏன் வெள்ளை பூக்கிறது, எத்தனை நாள் தாங்கும், மதுரைக்குக் கூரியரில் அனுப்பலாமா? மூன்றுக்கும் ஒரே இடத்திலிருந்துதான் பதில் வருகிறது. நீ செய்வதைச் சாக்லேட் கணக்கில் வைத்திருக்கிறாய். அதைப் பால் பலகாரத்தின் கணக்குக்கு மாற்று. கடையில் விற்கும் சாக்லேட் பாரில் தண்ணீர் அநேகமாக இல்லை. அதனால் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும். உன் உருண்டைக்குள் கிரீம் இருக்கிறது, கிரீமுக்குள் தண்ணீர் இருக்கிறது. அந்த வகையில் அது பால்கோவாவுக்குத்தான் உறவு. பால்கோவா செய்கிறவர் பாலைப் பார்த்து வாங்குவார், அளவாகக் கிளறுவார், பக்கத்தில் விற்பார், நாள் கடந்ததைக் கொடுக்கமாட்டார். உனக்கும் அதே நான்கு வேலைகள்தான்.

முதலில் வாங்குவது. பாரிமுனை, சௌகார்பேட்டை பக்கம் பேக்கரிச் சாமான் கடைகளில் 'டார்க் காம்பவுண்ட்' என்று கட்டியாகக் கொடுப்பார்கள். அட்டையைத் திருப்பிப் படி. கோகோ பட்டருக்குப் பதிலாக ஹைட்ரஜன் ஏற்றிய தாவரக் கொழுப்பு என்று போட்டிருந்தால் அது காம்பவுண்ட். விலை குறைவு, உருக்கி ஊற்றினால் எந்த வித்தையும் இல்லாமல் இறுகிவிடும். ஆனால் நாக்கில் மெழுகுபோல ஒட்டி நிற்கும். ஊட்டியில் 'ஹோம்மேட்' என்று விற்பதில் பெரும்பகுதி இந்த வகைதான். அதைத் தின்று வளர்ந்தவர்கள் நாம். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. காம்பவுண்டில் செய்ததைக் காம்பவுண்ட் என்றே சொல்லி விற்றால் போதும். ட்ரஃபிளுக்கு மட்டும் கோகோ பட்டர் உள்ள சாக்லேட் வாங்கு. மேலே பூச்சே இல்லாத உருண்டையில் கொழுப்பின் குணம் அப்படியே வாய்க்குத் தெரிந்துவிடும்.

கை பழகியபின் நம் ஊர்க் கோகோவையும் முயன்று பார். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராகக் கோகோ வளர்கிறது. பொள்ளாச்சிப் பக்கத்து 'சொக்லெட்', சென்னையின் 'கோகோட்ரெய்ட்', ஆரோவில்லின் 'மேசன் அண்ட் கோ' மூவரும் இந்தியக் கொட்டையைத் தாங்களே வறுத்து அரைத்துச் சாக்லேட் செய்கிறவர்கள். விலை கூடுதல். முதல் மாதத்திலேயே அதைக் கரைத்துப் பழகாதே.

அடுத்து கிளறுவது. கடையில் எளிதாகக் கிடைக்கும் அமுல் ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம். வெளிநாட்டுச் செய்முறைகள் 35 சதவீதக் கிரீமை மனதில் வைத்து எழுதியவை. அந்த அளவை அப்படியே எடுத்தால் உன் கலவையில் தண்ணீர் கூடி, உருட்ட வராமல் குழையும். ஆகவே 50, 55 சதவீதச் சாக்லேட் 200 கிராமுக்குக் கிரீம் 100 கிராம், வெண்ணெய் 20 கிராம் என்று தொடங்கு. 70 சதவீதச் சாக்லேட்டானால் கிரீமைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். அதில் கோகோவும் கொழுப்பும் அதிகம். தண்ணீர் போதாவிட்டால் எண்ணெய் தனியாகப் பிரிந்து நிற்கும். அப்படிப் பிரிந்தால் குப்பையில் கொட்டாதே. வெதுவெதுப்பான பாலை ஒரு கரண்டியாக விட்டு, நடுவிலிருந்து வெளியே மெதுவாகக் கலக்கி வா. திரும்பச் சேர்ந்து பளபளப்பு வரும். கிரீமை ஓரத்தில் குமிழ் வரும்வரை மட்டும் சூடு செய். நறுக்கிய சாக்லேட் மேல் ஊற்றி இரண்டு நிமிடம் தொடாமல் விடு. சாக்லேட்டைத் தனியாக உருக்கும்போது ஒரு சொட்டு ஆவி நீர் விழுந்தாலும் மணல்போலக் கட்டிக்கொள்ளும். பாத்திரத்தைத் துடைத்துவிட்டே அடுப்பருகே போ.

இப்போது வெயில். கோகோ பட்டர் ஏறக்குறைய 34 டிகிரியில் உருகும். வாயில் போட்டதும் கரைகிறதே, அந்தச் சுகத்துக்குக் காரணம் அதுதான். மே மாதத்தில் ஆவடியில் பகல் வெப்பம் 40ஐத் தொடும். மொட்டைமாடிக்குக் கீழ் வீடு என்று எழுதியிருந்தாய். அந்தத் தளம் இரவு வரை சூட்டை இறக்கிக்கொண்டிருக்கும். மேலே பளபளவென்று கெட்டி ஓடு வர வேண்டுமென்றால் டார்க் சாக்லேட்டை 45 டிகிரிக்குமேல் உருக்கி, 27, 28க்கு இறக்கி, மறுபடி 31, 32க்கு ஏற்றி வேலை செய்ய வேண்டும். அறையே 33ல் இருந்தால் 27க்கு எப்படி இறங்கும்? ஏசி அறை இல்லாமல் இந்த வேலையில் இறங்காதே. ஓடு இல்லாமல் கோகோ தூளில் புரட்டுவதுதான் ட்ரஃபிளின் பழைய உருவம். அதற்கு இந்த ஏற்ற இறக்கம் எதுவும் தேவையில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு உருட்டத் தொடங்கு, வெயில் ஏறுவதற்குள் முடி.

நீ கேட்ட வெள்ளைக்கு வருகிறேன். அதில் இரண்டு வகை உண்டு. விரலால் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு மறைவது கொழுப்பு. சூட்டில் உருகித் தானாக மறுபடி இறுகியதால் மேலே வந்தது. சொரசொரவென்று இருப்பது சர்க்கரை. ஈரத்தில் கரைந்து, காய்ந்து நிற்கிறது. உன்னுடையது இரண்டாவது என்பது என் ஊகம், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் பெட்டியைத் திறந்து படம் எடுப்பதாகச் சொன்னாயே! வெளியே 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளும் வியர்க்கும். ஃபிரிட்ஜில் வைத்தது மட்டுமல்ல, ஏசி அறையிலிருந்து வந்ததும் வியர்க்கும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வெளியே எடுத்தபின் மூடியைத் திறக்காமல் அரைமணி நேரம் விடு. வியர்வை டப்பாவுக்கு வெளியே படியட்டும். கோகோ தூளைக் கொடுப்பதற்குச் சற்று முன்பு புரட்டு. முந்தைய நாளே புரட்டினால் ஈரம் குடித்துக் கறுத்துவிடும்.

ருசியில் உன் ஊரைக் கொண்டு வா என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், தண்ணீர்க் கணக்கை மறக்காமல் கொண்டு வா. டிகாக்ஷனை ஊற்றினால் அது கூடுதல் தண்ணீர். காபித் தூளைச் சூடான கிரீமில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டு, குறைந்த கிரீமை மறுபடி அளந்து ஈடுகட்டு. சுக்கு, ஏலம், மிளகு எல்லாவற்றுக்கும் இதே வழி. பச்சைத் தேங்காய்த் துருவலும் இளநீரும் வேண்டாம், சீக்கிரம் புளிக்கும். வறுத்த எள்ளும் உடைத்த கடலை மிட்டாயும் வெளியே புரட்ட அருமையாக இருக்கும், அதுவும் கடைசி நேரத்தில்.

விற்பது பற்றி. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்து, அந்த 14 இலக்க எண்ணை அட்டையில் போடு. பால், கொட்டை வகைகள், சோயா லெசிதின் இருப்பதை எழுது. ஒவ்வாமை உள்ள குழந்தை இருக்கும் வீட்டுக்கு அதுதான் முதல் தகவல். செய்த தேதியை எழுது. ஃபிரிட்ஜில் ஐந்து நாள் என்பதற்குமேல் நான் எழுதமாட்டேன். மதுரைக்குக் கூரியர் வேண்டாம். தெர்மோகோல் பெட்டியும் ஐஸ் ஜெல்லும் வைத்துக்கொண்டு வண்டியில் ஒரு மணி நேரத்தில் எட்டும் தூரம்தான் உன் சந்தை: சி.டி.எச். சாலையில் அம்பத்தூர் வரை, பருத்திப்பட்டு வழியாகப் பூந்தமல்லி வரை. மின்தடை அறிவிப்பில் உன் பகுதி இருக்கிறதா என்று முந்தைய நாளே பார். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் அடித்தபோது, கிறிஸ்துமஸ் ஆர்டர் சேரும் அந்த மாதத்தில், இங்கே பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பால் பலகாரம் செய்கிறவன் ஃபிரிட்ஜை நம்பி இருப்பு வைக்கக் கூடாது. ஆர்டர் வந்தபின் செய்.

விலையை ஒருமுறை போட்டுவிட்டு அப்படியே விடாதே. மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் சரிந்ததால் 2024ல் உலகச் சந்தையில் கோகோ டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. மறு ஆண்டு வெகுவாக இறங்கியது. பட்டாபிராமில் இருப்பவன் கையிலும் அந்தச் சூடு படும். சாக்லேட், கிரீம், பெட்டி, மின்சாரம், பெட்ரோல் இவற்றோடு உன் கூலியையும் எழுதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டிப் பார்.

கடைசியாக ஒன்று. சித்திரை, வைகாசி முகூர்த்தத்தில் யாராவது வந்து, மண்டப வாசலில் தாம்பூலப் பையோடு கொடுக்க ஐந்நூறு ட்ரஃபிள் கேட்பார்கள். முன்பணமும் நீட்டுவார்கள். வாங்காதே. அந்த வாசலில் அது அரைமணி நேரம்கூட உருண்டையாக நிற்காது. வந்தவர்களுக்கு உன் பெயர் அந்தக் குழைந்த காகிதத்தோடுதான் நினைவில் இருக்கும். "இந்த மாதம் பிரவுனி செய்து தருகிறேன், ட்ரஃபிள் வேண்டுமானால் மார்கழியில் வாருங்கள்" என்று சொல். நம் ஊரில் மார்கழியும் தையும்தான் ட்ரஃபிளுக்குப் பருவம். பருவம் பார்த்து விற்கிறவனிடம் வாடிக்கையாளர் காத்திருந்து வாங்குவார்.

அன்புடன்,
திருமுல்லைவாயல் அக்கா